ஐந்து நிமிட நிறுத்தம், பதினைந்து நிமிட நெரிசல்: கேள்வி பதில்

நகர நெரிசலில் ஓட்டுநரின் பங்கு என்ன என்று பலர் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு ரோட்டோரத் தடத்தில் ஐந்து நிமிடம்தான் நிறுத்துகிறேன். பக்கத்துத் தடம் திறந்துதானே கிடக்கிறது?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். தடையில்லாமல் ஓடும் ஒரு தடத்தில் சுமார் 2 நொடிக்கு ஒரு வண்டி, அதாவது நிமிடத்துக்கு 30 வண்டி கடக்கும். இரண்டு தடங்களில் 60. வருவது நிமிடத்துக்கு 50 என்று வையுங்கள். நீங்கள் ஒரு தடத்தை அடைத்ததும் 30 மட்டுமே போகும், மீதி 20 தேங்கும். ஐந்து நிமிடத்தில் 100 வண்டிகள். வண்டிக்கு 7 மீட்டர் என்றால் இரண்டு தடங்களிலும் 350 மீட்டர் வரிசை.

நீங்கள் கிளம்பிய பிறகும் நிமிடத்துக்கு 10 வண்டிதான் வரிசையிலிருந்து குறையும், ஏனென்றால் 60 போனாலும் புதிதாக 50 வந்துகொண்டே இருக்கின்றன. ஆக, கரைய இன்னும் 10 நிமிடம். எல்லோருடைய தாமதத்தையும் கூட்டினால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். இதுவும் குறைத்துச் சொன்ன கணக்குதான். தடம் மாறித் திணறும் இடத்தில் அந்த 30-கூடப் போகாது. வரிசை முந்தைய சந்திப்பை எட்டிவிட்டால் குறுக்குச் சாலையும் நின்றுவிடும்.

நிமிடத்துக்கு 20 வண்டி வரும் அதிகாலையில் அதே நிறுத்தம் வரிசையே உண்டாக்காது. அப்போது ஒன்றும் ஆகவில்லை என்பதால்தான் பலருக்கு இது பழக்கமாகிவிடுகிறது. நெரிசல் நேரத்தில் கிளைத்தெருவில் நிறுத்திவிட்டு நூறு மீட்டர் நடந்து வாருங்கள்.

கேள்வி: விபத்தும் இல்லை, பள்ளமும் தோண்டவில்லை. ஆனால் வண்டிகள் நின்று நின்று போகின்றன, திடீரென்று எல்லாம் சரியாகிவிடுகிறது. ஏன் சார்?

பதில்: முன்னால் எங்கோ ஒருவர் தேவையில்லாமல் பிரேக் அடித்திருப்பார். ஒட்டியபடி வரும் அடுத்தவர் தாமதமாகக் கவனித்து இன்னும் அழுத்தமாக அடிப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் அதைவிட. கடைசியில் ஒரு வண்டி முழுக்க நின்றுவிடும். வண்டிகள் முன்னோக்கிப் போக, இந்தத் தேக்க அலை மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகரும். பிரேக் அடித்தவர் அப்போது வெகுதூரம் போயிருப்பார், தான் செய்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஜப்பானில் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொல்லிப் பார்த்தார்கள். எந்தத் தடையும் இல்லாமலே சிறிது நேரத்தில் நெரிசல் உருவானது. 2008-இல் வெளியான ஆய்வு இது. பிற்பாடு அமெரிக்காவின் அரிசோனாவில் இதேபோன்ற வட்டத்தில், 20-க்கும் மேற்பட்ட வண்டிகளுக்கு நடுவே வேகத்தைச் சீராக வைத்த ஒரே ஒரு தானியங்கி வண்டி அந்த அலையை அடக்கியது. அலையை ஒரு ஓட்டுநர் கிளப்பவும் முடியும், அமர்த்தவும் முடியும்.

கேள்வி: இடைவெளி விட்டால் உடனே ஒருத்தர் புகுந்துவிடுகிறாரே!

பதில்: புகுந்துவிட்டுப் போகட்டும். ஒருவர் புகுந்தால் உங்களுக்கு இழப்பு சுமார் 2 நொடி, பத்துப் பேர் என்றால் 20 நொடி. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், இடைவெளி தானே திரும்ப உருவாகும். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்த 2 நொடி கழித்து நீங்கள் அதைக் கடந்தால் சரியான அளவு.

கேள்வி: சந்திப்புக்கு அப்பால் வண்டிகள் நின்றாலும், பச்சை எரிந்தால் உள்ளே போய்விடுகிறேன். இல்லையென்றால் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

பதில்: பெரிய சேதம் இதில்தான். சிவப்பு விழுந்த பிறகும் நடுவில் நிற்கும் உங்கள் வண்டி குறுக்குச் சாலையின் பச்சையை வீணாக்குகிறது. அங்கே தேங்கும் வரிசையின் வால் அடுத்த சந்திப்பை அடைக்கும், அதன் வால் அதற்கடுத்ததை. ஒரு தெருச் சதுரத்தின் நான்கு மூலைகளும் இப்படி ஒன்றையொன்று அடைத்துக்கொண்டால், யாரும் முதலில் நகர முடியாத முடிச்சாகிவிடும். அதன்பின் எந்த சிக்னலாலும் அவிழ்க்க முடியாது, ஆள் இறங்கிப் பின்னுக்கு எடுக்க வைத்தால்தான் உண்டு. பிரிட்டனில் 1967 முதலே சந்திப்புகளில் மஞ்சள் கட்டம் வரைவது இதைத் தடுக்கத்தான்.

நிறுத்தக் கோட்டைத் தாண்டும் முன் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். காருக்கு 7 மீட்டர் காலியிடம் தெரிந்தால் மட்டும் போங்கள். பேருந்துக்கு அதுபோல இரு மடங்கு வேண்டும். ஹாரன் அடிப்பவருக்கு உங்கள் முன்னால் இருப்பது தெரியாது.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது போன் பார்ப்பதுகூடத் தப்பா?

பதில்: ஆமாம். திரும்பும் தடத்துக்கு 20 நொடிப் பச்சை என்றால், முதல் 2 நொடி கிளம்புவதில் போய்விடும், மிச்சத்தில் 9 வண்டிகள் கடக்கும். நீங்கள் 4 நொடி தாமதித்தால் 2 வண்டிகள் குறையும். அவர்கள் அடுத்த பச்சை வரை ஒரு முழுச் சுற்றும் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு தடம் முடியும் இடத்தில் கடைசி வரை வந்து நுழைபவர்கள் ஏமாற்றுக்காரர்கள்தானே?

பதில்: இல்லை. நெரிசல் ஊர்ந்து போகும்போது இரண்டு தடங்களையும் கடைசி வரை நிரப்பி, முடியும் இடத்தில் ஜிப் பற்களைப் போல இதிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று எனக் கோர்ப்பதுதான் சரி. வரிசையின் நீளம் பாதியாகும், பின்னால் உள்ள சந்திப்பு அடைபடாது. ஜெர்மனியில் இது சாலை விதியாகவே இருக்கிறது. வேகமாக ஓடும் சாலையில் மட்டும் முன்கூட்டியே மாறுங்கள்.

திரும்பும் தடத்தில் முன்னேறி வந்து, நிறுத்தக் கோட்டருகே நேர்த் தடத்துக்குள் மூக்கை நுழைத்து நிற்பது வேறு விஷயம். அவர் முந்துவது நாலைந்து வண்டிகளை. திரும்ப வேண்டிய மொத்த வரிசையும் அவருக்குப் பின்னால் பச்சையை இழக்கிறது.

கேள்வி: தெரியாமல் தப்பான தடத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: அந்தத் தடம் போகிற வழியிலேயே போய்விடுங்கள். அடுத்த சந்திப்பில் திரும்பி வந்தால் சில நிமிடம் கூடும், அது உங்களுடைய நிமிடம் மட்டும்.