கேள்வி நேரம்: பால் குடித்தும் கண் போனது ஏன்?

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்தில், பால் வளம் மிக்க டென்மார்க்கிலேயே குழந்தைகள் கண்ணிழந்தார்களாமே? - வாசகி, பென்னாகரம்

பதில்: ஆமாம். வெண்ணெய் ஏற்றுமதிக்குப் போனது. ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைத்தது கொழுப்பெடுத்த பாலும், வெண்ணெய்க்குப் பதிலாக விற்ற மார்கரினும்தான். பாலில் வைட்டமின் ஏ இருப்பதோ அதன் கொழுப்பில். அது குறைந்தால் முதலில் மாலைக்கண், பிறகு வெண்விழி வறண்டு சுருங்கும், கடைசியில் கருவிழியே கரையும். குழந்தை மருத்துவர் கார்ல் ப்ளாக், கண் மருத்துவர் ஓலாஃப் ப்ளெக்வாட் இருவரும் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். 1917 இறுதியில் வெண்ணெய் ரேஷனில் வந்ததும் நோய் மளமளவென்று குறைந்தது.

பிற்காலத்தில் நிவாரணமாகக் கொடுத்த உணவிலும் இதே கோளாறு. கொழுப்பெடுத்த பால்பவுடரால் குழந்தை வளரும். வளர வளர வைட்டமின் ஏ தேவையும் கூடும். கல்லீரலில் சேமித்திருக்கும் வைட்டமின் ஏ தீர்ந்தால் கண்தான் பலி. அதனால்தான் பவுடரில் வைட்டமினைச் சேர்க்கத் தொடங்கினார்கள்.

உங்கள் வீட்டில் களிக்கு முருங்கைக்கீரை கடைகிறீர்களா? ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளியுங்கள். கொழுப்பில்லாவிட்டால் கீரையிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சரியாகச் சேராது. குழந்தைக்கு 9 மாதத்தில் 1 மில்லி வைட்டமின் ஏ சொட்டு, பிறகு 5 வயது வரை ஆறு மாதத்துக்கொருமுறை 2 மில்லி. அந்திக்குமேல் குழந்தை தடுமாறினால் அடுத்த தவணைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.