டேட்டா மேப்பிங் பணி: மகளைச் சேர்க்கத் தயங்கும் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். பி.காம். இறுதியாண்டில் படிக்கும் தங்கள் மகளுக்கு வளாகத் தேர்வில் கிடைத்திருப்பது, வெவ்வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் இன்டக்ரேஷன் பிரிவில் டேட்டா மேப்பிங் பணி என்றும், அது கணக்குத் துறையிலும் சேராமல் கணினித் துறையிலும் சேராமல் போய்விடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் தெரிந்தவர் தேவைப்படும் இடம் என்பதால்தான் அந்தப் பணிக்கு மதிப்பு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு மென்பொருளிலிருந்து வரும் தரவின் ஒவ்வொரு புலமும் (பில் எண், தேதி, தொகை போன்ற ஒவ்வொரு கட்டமும்) மற்றொரு மென்பொருளின் எந்தப் புலத்தில், எந்த வடிவில் சென்று சேர வேண்டும் என்று தீர்மானிப்பதே மேப்பிங். இதற்கு நம் நாட்டில் நல்ல எடுத்துக்காட்டு, பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமாயிற்று. எந்த மென்பொருளில் பில் போட்டாலும், அதை அரசுத் தளம் வகுத்த ஜேசன் (JSON) என்ற தரவு வடிவத்துக்கு மாற்றி அனுப்பி, 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் என்ற பில் பதிவு எண்ணைப் பெற வேண்டும்.

இங்கே ஒரு சிறு சிக்கலைப் பாருங்கள். பில் எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது. பூஜ்யத்தில் தொடங்கவும் கூடாது. பில் எண்களை 0001 என்று தொடங்கும் நிறுவனத்துக்கு மேப்பிங் செய்பவர், முன்னாலுள்ள பூஜ்யங்களை நீக்கிவிட்டால் தளம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வாங்குபவரின் கையில் உள்ள பில்லில் ஓர் எண்ணும், அவர் வாங்கியவற்றை ஜிஎஸ்டி தளம் தொகுத்துத் தரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வேறோர் எண்ணும் இருக்கும். வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவைச் சரிபார்க்கும்போது இரண்டும் ஒத்துப்போகாது. ஆகவே பில்லிங் மென்பொருளிலேயே எண் வரிசையை மாற்றச் சொல்வதுதான் சரி. வணிகவியல் படித்தவருக்கு இது உடனே புலப்படும். நிரல் எழுத மட்டும் கற்றவருக்கு யாராவது விளக்க வேண்டியிருக்கும்.

அளவைகளிலும் இதே கவனம் வேண்டும். பன்னிரண்டு உருப்படி கொண்ட பெட்டிக் கணக்கில் வரும் ஆர்டரை உருப்படிக் கணக்குக்கு மாற்றும்போது, எண்ணிக்கையைப் பெருக்கிவிட்டு விலையை வகுக்காமல் விட்டால் தொகை பன்னிரண்டு மடங்காகிவிடும். அமெரிக்க வாடிக்கையாளர் 04/05 என்று அனுப்பினால் அது ஏப்ரல் 5. நம் வழக்கில் மே 4. காலியாக வரும் தள்ளுபடிப் புலத்தைப் பூஜ்யம் என்று கொள்வதா, தகவல் வரவில்லை என்று கொள்வதா என்பதையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையைப் பறித்துவிடாதா என்ற தங்கள் கேள்வி நியாயமானது. பெயர் ஒற்றுமையை வைத்துப் புலங்களைப் பொருத்திக் காட்டும் வசதி இப்போதே கருவிகளில் இருக்கிறது. கோடு இழுத்து இணைக்கும் வேலை குறையத்தான் செய்யும். ஆனால் இருபுறமும் ‘தொகை’ என்றே இருக்கும்போது, ஒன்று வரிக்கு முந்தையதா, மற்றொன்று வரி சேர்ந்ததா என்பதைப் பெயர் சொல்லாது. கணக்குப் பிரிவினரிடம் கேட்டு, எழுதி, ஒப்புதல் பெறும் பொறுப்பு மனிதரிடமே இருக்கும்.

மகள் இப்போது ஜேசன், அதைப் போன்ற மற்றொரு தரவு வடிவமான எக்ஸ்எம்எல் (XML), தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) ஆகிய மூன்றையும் பழகட்டும். மியூல்சாஃப்ட் (MuleSoft), பூமி (Boomi), எஸ்ஏபி (SAP) போன்ற நிறுவனங்களின் இணைப்புக் கருவிகளில் ஒன்றை நிறுவனமே கற்றுத்தரக்கூடும் என்பதால், சான்றிதழுக்காகப் பெருந்தொகை கட்ட வேண்டாம். இ-இன்வாய்ஸ் வடிவமைப்பு பொதுவெளியில் கிடைக்கிறது. டேலி கணக்கு மென்பொருளின் கல்விப் பதிப்பில் சில பில்களைப் போட்டு, எந்தப் புலம் எங்கே செல்கிறது, ஏன் செல்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதே சிறந்த பயிற்சி.

என் தயக்கம் ஒன்றில்தான். சில இடங்களில் புதியவர்களை இரவுப் பணியில் அமர்த்தி, ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேராமல் நின்ற தரவுகளை மீண்டும் அனுப்பும் வேலையை மட்டுமே கொடுப்பார்கள். சில மாதங்களுக்கு அது நல்ல பாடம். ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வளர்ச்சி நின்றுவிடும். எனவே ஒப்புக்கொள்ளும் முன், மேப்பிங் ஆவணத்தை யார் எழுதுகிறார்கள், வாடிக்கையாளருடன் பேசும் வாய்ப்பு எப்போது கிடைக்கும், ஒப்பந்தக் காலம் எவ்வளவு ஆகியவற்றை மகளே மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேட்கட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து படித்து முடிவெடுப்போம்.