தேய்ந்த பூட்ஸுக்குப் புதிய சோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தோல் பூட்ஸைப் பழுதுபார்ப்பது குறித்து வந்த கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் தேர்ந்தெடுத்து இங்கே பதிலளித்திருக்கிறோம்.

கேள்வி: பல ஆண்டுகளாக அணிந்துவரும் என் பூட்ஸின் மேல்தோல் இன்னும் உறுதியாகவே இருக்கிறது, சோல் மட்டும் தேய்ந்துவிட்டது. பழுதுபார்ப்பவர் ஒருவர் புதிய சோல் போடலாம் என்கிறார். மற்றொருவர் இந்த வகைக்குப் போட முடியாது என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவர் சொன்னதும் அவரவர் அளவில் உண்மையாக இருக்கக்கூடும். சோலை மாற்ற முடியுமா என்பதைத் தீர்மானிப்பது தோலின் தரமோ பூட்ஸின் விலையோ அன்று. சோல் மேல்பகுதியோடு எந்த முறையில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதும், அந்த முறைக்கு உரிய இயந்திரம் பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறதா என்பதுமே அதைத் தீர்மானிக்கின்றன.

மாற்றுவதற்கு மிகவும் இணங்கி வருவது வெல்ட் முறை. இதில் மேல்தோலின் கீழ்விளிம்பு, பாதம் படியும் உள்சோல், வெல்ட் எனப்படும் நீண்ட தோல்பட்டை ஆகிய மூன்றையும் ஒரு தையல் சேர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பட்டையின் வெளியே நீண்டு நிற்கும் ஓரத்தோடு சோலை இரண்டாவது தையல் இணைக்கிறது. ஆகவே இரண்டாவது தையலை அறுத்தால் சோல் மட்டும் கழன்று வருமே தவிர, பூட்ஸின் வடிவத்தைத் தாங்கி நிற்கும் முதல் தையலுக்கு எந்தச் சேதமும் நேராது. இவ்வேலையை இயந்திரத்தால் செய்யும் முறையை இளைய சார்ல்ஸ் குட்இயர் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிலைநாட்டினார். ரப்பரைக் கந்தகத்தோடு சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்காகப் பெயர்பெற்ற சார்ல்ஸ் குட்இயரின் மகன் இவர்.

அதற்கும் முந்தியது, அமெரிக்கரான லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தால் போடப்படும் தையல். இதில் உள்சோல், மடித்த மேல்தோல், சோல் ஆகிய மூன்றையும் ஒரே தையல் நேராக ஊடுருவிச் செல்கிறது. இதையும் பிரித்துப் புதிய சோல் தைக்கலாம். ஆனால் பூட்ஸின் உள்ளே நுழையும் நீண்ட கை கொண்ட தனி இயந்திரம் அதற்கு வேண்டும், அந்த இயந்திரம் எல்லோரிடமும் இருப்பதில்லை. உங்களுக்கு முடியாது என்று சொன்னவர் தம்மால் முடியாது என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது வகை, தையலே இல்லாமல் பசையால் மட்டும் ஒட்டப்பட்டது. தட்டையான சோலாக இருந்தால் அதைச் சூடேற்றிப் பிரித்தெடுத்துவிட்டு வேறொன்றை ஒட்டுவது கடினமன்று. பக்கச் சுவர்களோடு கிண்ணம்போல் வார்க்கப்பட்ட சோலாக இருந்தால் அதே அளவும் வளைவும் கொண்ட இன்னொன்று கிடைத்தால்தான் உண்டு. அச்சில் வைத்து நேரடியாக மேல்தோலின் மீதே வார்க்கப்பட்ட சோலைப் பொறுத்தவரை, மாற்றும் எண்ணத்தைக் கைவிடுவதே பெரும்பாலும் நல்லது.

வீட்டிலேயே வகையைக் கண்டறிய, உள்ளிருக்கும் மெத்தை அட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள். உள்சோலின் மேல் ஓரத்தைச் சுற்றித் தையல் வரிசை தெரிந்தால் அது பெரும்பாலும் பிளேக் தையல். உள்ளே தையல் தெரியாமல், வெளியே சோலின் மேல்விளிம்பில் மட்டும் தெரிந்தால் வெல்டாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் ஓர் ஏமாற்றும் உண்டு: ஒட்டப்பட்ட சோலின் விளிம்பில் அழகுக்காகத் தையல் போட்ட பிளாஸ்டிக் பட்டையைப் பதித்து விற்பார்கள். அந்த நூல் சோலின் அடிப்புறம் வரை செல்லாது. சில தோல் சோல்களில் அடித்தையலைப் பள்ளத்துக்குள் மறைத்திருப்பார்கள் என்பதால், அடியில் நூல் தெரியாததை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், பக்கவாட்டில் பட்டையும் சோலும் தனித்தனி அடுக்குகளாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

கேள்வி: சோலில் ஓட்டை விழும் வரை அணிந்துவிட்டு மாற்றினால்தானே முழுப் பயனையும் பெற்றதாகும்?

பதில்: அப்படிச் செய்தால் சோலின் பயனை முழுமையாகப் பெறுவீர்கள், பூட்ஸின் பயனை இழப்பீர்கள். சோலும் ஹீலின் அடியில் உள்ள ரப்பர் துண்டும் தேய்வதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றுக்கு மேலே உள்ளவை தேய்வதற்காக வைக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலோருக்கு முதலில் தேய்வது ஹீலின் பின்பக்க வெளிமூலை, ஏனெனில் நடக்கும்போது தரையை முதலில் தொடுவது அதுவே. அந்த ரப்பர் துண்டை உரிய காலத்தில் மாற்றினால் அது அரைமணி நேர வேலைதான். தாமதித்தால் அதன் மேலே அடுக்கப்பட்ட தோல் அடுக்குகளும் சாய்வாகத் தேய்ந்து, அவற்றையும் சேர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை வரும். அதற்குள் கால் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்து பழகியிருக்கும் என்பதால் மேல்பகுதியின் வடிவமும் கெட்டிருக்கும்.

முன்பகுதியில் கவனிக்க வேண்டிய இடம் பாதத்தின் உருண்டைக்கு நேர் கீழே உள்ள நடுப்பகுதி. தோல் சோலாக இருந்தால் கட்டைவிரலால் அங்கே அழுத்திப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிட எளிதில் குழிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. ரப்பர் சோலாக இருந்தால், பள்ளமும் மேடும் மறைந்து நடுப்பகுதி வழவழப்பாகி ஈரத் தரையில் வழுக்கத் தொடங்குவதே அறிகுறி. எல்லாவற்றையும்விட முக்கியமானது கால்விரல் நுனி: அங்கே சோல் தேய்ந்து வெல்ட் பட்டை தரையில் உரசத் தொடங்கிவிட்டால், அடுத்து அறுபடுவது பட்டையைப் பிடித்திருக்கும் தையல்தான். நுனி மட்டும் விரைவாகத் தேய்பவர்கள், முழுச் சோலையும் மாற்றாமல், அந்த இடத்தில் சிறு ரப்பர் துண்டோ உலோகத் தகடோ பதித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சோல் மாற்றும்போது என்னவெல்லாம் செய்வார்கள்? ஒரே பூட்ஸுக்கு எத்தனை முறை மாற்றலாம்?

பதில்: வெல்ட் முறையில் செய்த பூட்ஸை எடுத்துக்கொள்வோம். முதலில் ஹீலைக் கழற்றி, வெளித்தையலை அறுத்து, பழைய சோலைப் பிரித்தெடுப்பார்கள். அப்போது உள்சோலுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தை நிரப்பியிருக்கும் தக்கையும், பாதத்தின் வளைவைத் தாங்க வைத்த எஃகு அல்லது மரத் தகடும் வெளிப்படும். அந்தத் தக்கை ஆண்டுக்கணக்கில் உங்கள் பாதத்தின் அழுத்தத்துக்கு ஏற்ப அமுங்கியிருக்கும். உடைந்தோ விலகியோ இருந்தால் புதிதாக நிரப்புவார்கள். தகடு துருப்பிடித்தோ முறிந்தோ இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். நடக்கும்போது நடுப்பாதத்தின் கீழே 'கிறீச்' என்ற ஓசை கேட்டால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு புதிய சோலைப் பசையிட்டு ஒட்டி, வெல்டோடு சேர்த்துத் தைத்து, ஓரங்களைச் சீவித் தேய்த்து, ஹீலைக் கட்டி, விளிம்புக்கு நிறமும் மெழுகும் ஏற்றுவார்கள்.

இந்த வேலையின் தரத்தை நிர்ணயிப்பது, சோல் இல்லாத நிலையில் பூட்ஸின் வடிவம் கெடாமல் பார்த்துக்கொள்வதுதான். அதற்காக அதே அளவுள்ள பாதவடிவக் கட்டையை உள்ளே செலுத்தி வைத்து வேலை செய்வது நல்ல முறை. தைத்த நிறுவனமே பழுதுபார்த்துத் தரும்போது பூட்ஸ் முதலில் எந்த அச்சுக்கட்டையில் உருவானதோ அதே கட்டையில் மீண்டும் ஏற்றுவதற்கு வாய்ப்பு இருக்கிறது. பழுதுபார்ப்பவரைத் தேர்ந்தெடுக்கும்போது, தைப்பீர்களா அல்லது ஒட்டுவதோடு நிறுத்திவிடுவீர்களா, பழைய தையல் துளைகளிலேயே ஊசி இறங்குமா, வெல்ட் பழுதாகியிருந்தால் மாற்றுவீர்களா என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் தயங்காமல் ஒப்படைக்கலாம்.

எத்தனை முறை என்பதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒவ்வொரு முறையும் வெல்டில் புதிய துளைகள் விழுந்து அது பலவீனமடையும். அந்நிலையில் வெல்டையும் மாற்றலாம். ஆனால் வெல்டை மாற்றும்போது மேல்தோலின் விளிம்பிலும் உள்சோலின் அடிவிளிம்பிலும் மீண்டும் ஊசி இறங்கும் என்பதால், அவை இரண்டும் எத்தனை முறை தாங்குகின்றனவோ அதுவே பூட்ஸின் ஆயுள்.

கேள்வி: மலையேற்றத்துக்கு வாங்கிய பூட்ஸை அதிகம் பயன்படுத்தாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். சில ஆண்டுகள் கழித்து அணிந்தபோது சோல் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. தரமற்ற பொருளை என்னிடம் விற்றுவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பாதத்துக்கும் அடிச்சோலுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்குவதற்காக வைக்கப்படும் பாலியூரித்தேன் நுரை, காற்றிலுள்ள ஈரத்தோடு மெல்ல வினைபுரிந்து தன் பிணைப்புகளை இழக்கும் தன்மையுடையது. நீராற்பகுப்பு எனப்படும் இந்த வினை, அணிந்தாலும் அணியாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த மூடிய இடத்தில் இன்னும் விரைவாக நடக்கும். பத்திரமாக வைத்ததே வினையாகிவிட்டது என்று வருந்துவதைவிட, மேல்தோல் நன்றாக இருக்கும் பட்சத்தில் மலையேற்றப் பூட்ஸுக்குச் சோல் மாற்றித் தரும் நிறுவனங்களிடம் கேட்டுப் பாருங்கள். உதிர்ந்த நுரையை முழுவதும் சுரண்டியெடுத்துவிட்டு நடுச்சோலையும் அடிச்சோலையும் சேர்த்துப் புதிதாகப் பொருத்துவார்கள். உதிரத் தொடங்கிய நுரையின் மேல் பசை தடவி ஒட்டுவது வீண்வேலை, ஏனெனில் பசை பிடித்துக்கொண்டாலும் அதற்கு மேலுள்ள நுரை பிய்ந்துகொண்டு வரும். நீண்ட நாள் வைத்திருந்த பூட்ஸோடு மலைக்குப் புறப்படுவதற்கு முன்னர், சோலின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் அழுத்தி, வெடிப்போ பிசுபிசுப்போ இருக்கிறதா என்று பார்த்துவிடுவது அவசியம்.

கேள்வி: தோல் சோல் நல்லதா, ரப்பர் சோல் நல்லதா?

பதில்: வெளியில் நடக்கும் பூட்ஸுக்கு ரப்பரே நல்லது. தோல் சோல் தோற்றத்தில் மெல்லியது, காலோடு படிந்து வளைவது. ஆனால் நனைந்தால் மென்மையாகி விரைவில் தேயும், வழவழப்பான தரையில் வழுக்கும். 1935இல் ஆல்ப்ஸ் மலையில் உடன்வந்த 6 பேரைக் குளிருக்குப் பறிகொடுத்த இத்தாலியரான விட்டாலே பிரமானி, காலணியின் குறையே அதற்கு ஒரு காரணம் எனக் கருதி, ஆழ்ந்த பள்ளங்கள் கொண்ட ரப்பர் சோலை 1937இல் உருவாக்கினார். இன்றைய மலைப் பூட்ஸின் அடிப்புறம் அதன் வழிவந்ததே. தோல் சோலை விட மனமில்லாதவர்கள் அதன் முன்பகுதியில் மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: பூட்ஸின் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. நொடியில் ஒட்டும் பசையை இருமுறை போட்டும் நிற்கவில்லை. நானே சரிசெய்ய வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அந்தப் பசையால் அன்று. அது காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகி, நடக்கும்போது சோல் வளையும் ஒவ்வொரு முறையும் நொறுங்கும். காலணிக்கு உரியது, காய்ந்த பிறகும் நெகிழ்வோடு இருக்கும் ரப்பர் பசை. முதலில் பழைய பசையின் ஒவ்வொரு துணுக்கையும் சுரண்டியெடுத்து, இரு பரப்புகளையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் தூசி போகத் துடைத்துவிடுங்கள்; ஒட்டுவேலையின் வெற்றி பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. பிறகு இரு பரப்பிலும் மெல்லியதாகப் பசை தடவி, உடனே ஒட்டாமல், விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளாத அளவுக்கு, ஏறத்தாழ 10 முதல் 20 நிமிடம் வரை உலரவிட்டு, அதன் பின் சரியான இடத்தில் பொருத்தி, சுத்தியலால் நன்றாகத் தட்டுங்கள். இவ்வகைப் பசைக்கு நெடுநேரம் கட்டி வைப்பதைவிட, பொருத்தும் கணத்தில் கொடுக்கும் அழுத்தமே முக்கியம். பிளந்த இடத்தில் அறுந்த தையல் நூல் தெரிந்தால், பசை தற்காலிக உதவிதான். தையலைப் போட்டே ஆக வேண்டும்.

கேள்வி: பூட்ஸின் மேல்தோலில், விரல் மடியும் இடத்தில் வெடிப்பு விழுந்திருக்கிறது. எண்ணெய் ஊற வைத்தால் சேருமா?

பதில்: சேராது. வெடிப்பு என்பது தோலின் இழைகள் அறுந்த நிலை. அறுந்த இழைகளை எண்ணெயால் இணைக்க முடியாது. மேலோட்டமான கோடாக இருந்தால் தோலுக்குரிய மெழுகுக் களிம்பை மெல்லியதாகத் தடவி, அது பெரிதாகாமல் தடுக்கலாம். உட்புறம் வரை பிளந்திருந்தால், ஒரு தோல்துண்டை வைத்துத் தைப்பதே வழி. அது கண்ணுக்குத் தெரியும், மழைநீரையும் முழுமையாகத் தடுக்காது. அத்தகைய பூட்ஸுக்குப் புதிய சோல் போடுவதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். எண்ணெயை அளவுக்கு மீறி ஊற்றினால் தோல் தொய்ந்து, சோலை ஒட்டியிருக்கும் பசையும் தளரக்கூடும்.

வெடிப்புக்குப் பொதுவான காரணம், சேற்றைத் துடைக்காமல் விடுவதும், நனைந்த பூட்ஸை நெருப்பருகிலோ கடும் வெயிலிலோ வைத்து விரைவாக உலர்த்துவதும் ஆகும். ஈரத்தோல் வெப்பத்தில் சுருங்கி விறைத்துவிடும். மெத்தை அட்டையை வெளியே எடுத்து, உள்ளே காகிதத்தை அடைத்து, அது நனைய நனைய மாற்றி, காற்றோட்டமான நிழலில் ஓரிரு நாள் உலரவிடுங்கள். தோல் முழுவதும் காய்வதற்குச் சற்று முன்னர் களிம்பு தடவினால் நன்றாக இறங்கும்.

கேள்வி: பூட்ஸின் உள்ளே, குதிகால் உரசும் இடத்தில் உள்தோல் கிழிந்திருக்கிறது. இதற்கும் ஏதேனும் செய்ய முடியுமா?

பதில்: முடியும், எளிய வேலைதான். கிழிந்த பகுதியைச் சீராக நறுக்கிவிட்டு, ஓரம் சீவி மெலிதாக்கிய மென்தோல் துண்டை அங்கே ஒட்டி, மேல்விளிம்பில் தைத்துத் தருவார்கள். உள்ளிருக்கும் விறைப்பான தாங்குதகடு தேய்ந்து உடையும் முன்னர் இதைச் செய்துவிட வேண்டும். லேஸை அவிழ்க்காமல் காலை வலிந்து திணிப்பதும், லேஸைத் தளர்வாகக் கட்டிக் குதிகால் மேலும் கீழும் வழுக்க நடப்பதுமே இந்தக் கிழிசலுக்குப் பெரும்பாலும் காரணம் என்பதால், ஒட்டுப்போட்ட பிறகு லேஸைக் கணுக்காலருகே இறுக்கிக் கட்டுங்கள்.