கர்ப்பிணிக்கு முதலில் பயம் தெளிய வேண்டும்

கேள்வி: கனடாவின் நகரங்களில் வாழும் பூர்வகுடிப் பெண்கள் கர்ப்ப காலத்தில் மதுவைத் தொடாமல் இருக்க எது உண்மையிலேயே உதவும்?

வின்னிபெக்கில் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்குமான ஒரு மையத்தில் வேலை பார்க்கிறேன். என்னைக் கேட்டால், அறிவுரையால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. தாய் குடிப்பது நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகிறது, மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது, 'இவ்வளவு குடித்தால் பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது. இதெல்லாம் எங்களிடம் வரும் பெண்களுக்குத் தெரிந்ததுதான்.

அவர்களை வரவிடாமல் தடுப்பது பயம். குடிப்பதாக வாய்திறந்து சொன்னால் பிள்ளையைப் பறித்துக்கொள்வார்களோ என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. கர்ப்பிணிக்கே தெரியாமல் குழந்தைகள் நலத் துறை மருத்துவமனைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பும் வழக்கம் இங்கே இருந்தது. பிறந்த கையோடு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் அதை 2019இல் நிறுத்தியது, வின்னிபெக் இருக்கும் எங்கள் மனிடோபா மாகாணம் 2020இல். பாட்டி காலத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து, அரசின் விடுதிப் பள்ளிகளுக்குக் கட்டாயமாகக் கொண்டுபோனார்கள். அந்த நினைவு இத்தனை சீக்கிரம் போய்விடுமா?

ஒரு பெண் வயிறு நன்றாகத் தெரியும் மாதத்தில் வந்தார். கோட்டைக் கழற்றாமல் கதவோரமாக உட்கார்ந்தார். சூப்பும் பேனக் ரொட்டியும் வைத்தோம். சாப்பிட்டுவிட்டு, "என் பேரை எங்கே எழுதுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். படிவத்தைக் காட்டி, யார் யார் பார்ப்பார்கள், எதை நாங்கள் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னோம். திரும்பவும் வந்தார். பிள்ளையைப் பொதிந்து கட்டும் பையை மற்ற பெண்களோடு உட்கார்ந்து தைத்தார். ரிசர்வை, அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதியை விட்டு நகரத்துக்கு வந்தவருக்கு அத்தையும் பாட்டியும் பக்கத்தில் இல்லை, அந்த இடத்தை நிரப்பியது இந்தத் தையல் வட்டம்தான். குடியைப் பற்றிய பேச்சை அவரே எடுத்தார், ரொம்பப் பிறகு.

வான்கூவரில் 1993 முதல் நடக்கும் ஷீவே மையமும் இந்த வழிதான். மருத்துவர், செவிலியர், சூடான மதியச் சாப்பாடு எல்லாம் ஒரே கூரையின்கீழ். குடியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அமெரிக்காவின் சியாட்டிலில் இதே போன்ற தாய்மார்களுக்காக 1991இல் தொடங்கிய திட்டத்தில் ஒரே துணையாளர் மூன்று வருடம் தாயோடு இருப்பார். அந்தப் பொறுமை இல்லாமல் இந்த வேலை நடக்காது. தங்குவதற்கு வீடு இல்லை, அல்லது வீட்டில் மற்றவர்கள் குடிக்கிறார்கள் என்றால் கர்ப்பிணி மட்டும் எப்படி நிறுத்துவார்?

இன்னொன்று. 'அவர்கள் எல்லோருமே குடிகாரர்கள்' என்று நம் ஆட்களே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மனசு கொதிக்கிறது. மதுவையே தொடாத பூர்வகுடிப் பெண்கள் ஏராளம். மருத்துவமனையில் இதே பார்வையைச் சந்திக்கும் கர்ப்பிணி அடுத்த செக்கப்புக்கு வரமாட்டார்.

உங்களுக்குத் தெரிந்தவர் தினமும் நிறையக் குடிக்கும் கர்ப்பிணி என்றால், 'இன்றே நிறுத்து' என்று மட்டும் சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பிள்ளைக்கு நல்லதுதான், அதையும் சொல்லுங்கள். முடிந்தால் மருத்துவரிடம் கூடவே போய்வாருங்கள்.