எழுதத் தெரியாமல் எல்.கே.ஜி. போனால் தவிப்பானா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றே கால் வயது. மஞ்சக்குப்பத்தில் ப்ரீ கேஜி போகிறான். ஜூனில் எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். இப்போது போகும் பள்ளியில் மண்ணில் விளையாட்டு, களிமண், பாட்டு, கதை, இவ்வளவுதான். நோட்டே கிடையாது. அதே வயதுள்ள எதிர்வீட்டுக் குழந்தை வேறு பள்ளியில் ஏ முதல் இசட் வரை எழுதுகிறாள். "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?" என்று மாமியார் கேட்கிறார். பள்ளியை மாற்றலாமா, அல்லது டியூஷன் வைக்கலாமா?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. ஆனால் மாமியாரின் கேள்வியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். விளையாட்டு என்ற பெயரில் குழந்தைகளைச் சும்மா உட்கார வைக்கும் இடங்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் எழுத்து. மூன்று வயதுக் குழந்தை பார்த்து வரையக்கூடியது வட்டம். கூட்டல் குறி சுமார் நான்கு வயதில் வரும். சதுரம் நான்கரையை ஒட்டி, முக்கோணம் ஐந்தை ஒட்டி. ஏ, கே, எக்ஸ், இசட் எல்லாவற்றிலும் சாய்ந்த கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கண்ணும் கையும் இணங்குவதற்கு முன்பே எழுதவைத்தால், குழந்தை பென்சிலை முஷ்டியில் பிடித்து, தோளிலிருந்து அழுத்தி, பல எழுத்துகளைக் கீழிருந்து மேலாக இழுக்கப் பழகும். பக்கம் நிரம்பும், பார்ப்பவர்க்கும் பெருமையாக இருக்கும். பிறகு எல்.கே.ஜி. மிஸ் அந்தப் பிடியையும் திசையையும் மாற்றப் படாத பாடு படுவார். புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடப் பழகியதை மாற்றுவதுதான் கடினம்.

மண்ணும் களிமண்ணும் அந்தக் கையைத் தயார் செய்கின்றன. வீட்டிலும் இதைத் தொடரலாம். சப்பாத்தி மாவில் எலுமிச்சை அளவு உருண்டை கொடுத்து, அதைக் கோலி அளவாகப் பிய்த்து உருட்டச் சொல்லுங்கள். பழைய செய்தித்தாளை நீளநீளமாகக் கிழிக்கட்டும். துணி காயப்போடும் கிளிப்பை அழுத்தி மாட்டட்டும். எல்லாவற்றையும்விட நல்லது கோலம். பச்சரிசி மாவைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் எடுத்துப் புள்ளி வைக்கும் பிடிதான் பின்னால் பென்சில் பிடி. கல்மாவு வேண்டாம், கண்ணில் பட்டால் உறுத்தும். கிரேயான் வாங்கினால் ஒரு அங்குலத் துண்டுகளாக ஒடித்துக் கொடுங்கள். சின்னத் துண்டை முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் நுனி தானாகவே வரும். சார்ட் பேப்பரை அவன் கண் உயரத்துக்குச் சுவரில் ஒட்டிவிட்டால் மணிக்கட்டும் பலப்படும்.

பாட்டு என்பது காதுக்கான பயிற்சி. சொற்கள் துண்டு துண்டான ஒலிகளால் ஆனவை என்று காது உணர்ந்த பிறகே எழுத்தும் ஒலியும் மனத்தில் சேரும். "தக்-கா-ளி", "க-ட-லூர்" என்று அசைக்கு ஒரு கைதட்டல் தட்டி விளையாடுங்கள். பந்து, பல், பல்லி என்று ஒரே ஒலியில் தொடங்கும் பொருள்களைத் தேடச் சொல்லுங்கள். எழுத்தில் அவனுக்கே ஆசை வந்தால் தடுக்க வேண்டாம். அவன் பெயரின் முதல் எழுத்திலிருந்து தொடங்கலாம்.

எண்ணிலும் ஒரு மயக்கம் உண்டு. இருபது வரை கடகடவென்று சொல்லும் குழந்தையிடம் "மூணு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றால் கை நிறைய அள்ளி வரும். அது வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறது, எண்ணிக்கை இன்னும் பிடிபடவில்லை. மூன்று வரை சரியாக எடுத்துத் தந்தாலே எல்.கே.ஜி.க்கு நல்ல தொடக்கம். பல்லாங்குழியில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடவையுங்கள். மூக்கிலோ வாயிலோ போட்டுக்கொள்ளும் வயது என்பதால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

எல்.கே.ஜி.யில் குழந்தைகள் உண்மையில் தவிப்பது பெரும்பாலும் எழுத்தால் அல்ல, கழிவறையாலும் டிபன் பாக்ஸாலும்தான். புதுப் பள்ளியில் இருப்பது இந்தியன் கழிவறையா வெஸ்டர்னா என்று இப்போதே பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் ஒரு வகைக்கு மட்டும் பழகிய குழந்தை மற்றதைக் கண்டால் பயந்து மதியம்வரை அடக்கும், உடையிலேயே போய்விடும், மறுநாள் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். பட்டனும் ஜிப்பும் இல்லாத எலாஸ்டிக் டிரவுசர் போடுங்கள். "மிஸ், யூரின் வருது", "மூடி திறந்து விடுங்க" போன்ற நாலைந்து வாக்கியங்களைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழக்குங்கள். ஆங்கிலவழிப் பள்ளி என்பதற்காக வீட்டில் தமிழைக் குறைக்க வேண்டாம். தமிழில் காரணம் சொல்லி, கதை சொல்லிப் பழகிய குழந்தை ஆங்கிலத்தையும் எளிதாக ஏற்கும்.

சாப்பாடு இன்னும் ஊட்டித்தான் போகிறதென்றால், கைபேசியைக் காட்டித்தான் போகிறதென்றால், ஏப்ரலிலேயே நிறுத்தத் தொடங்குங்கள். பள்ளிக்குக் கொண்டுபோகப்போகும் அதே டப்பாவில், இட்லித் துண்டோ எலுமிச்சை சாதமோ வைத்து, இருபது நிமிடத்தில் தானே சாப்பிட விடுங்கள். முதல் வாரம் பாதி தரையில்தான் இருக்கும்.

தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும், பகல் தூக்கமும் சேர்த்து. பத்து மணி சீரியல் வரை விழித்திருந்தால் காலையில் பள்ளியையே வெறுக்கும். மே விடுமுறையிலும் படுக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். ஜூனில் விட்டுவிட்டு வரும்போது சொல்லாமல் நழுவாதீர்கள். "சாப்பிட்டு முடிச்சதும் பாட்டி வருவாங்க" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். ஜன்னலோரம் நின்றால் அழுகைதான் நீளும்.

இனி, இப்போதைய பள்ளி. மண்ணில் விளையாடும்போது மிஸ் கூட இருந்து பேசுகிறாரா? "எது ஈரம், எது காய்ஞ்சது?" என்று கேட்கிறாரா? தினம் ஒரு கதையாவது உண்டா? "என் மகனுக்கு எது இன்னும் வரலை?" என்று அவரிடமே கேளுங்கள். "கத்தரிக்கோல் பிடிக்கத் தடுமாறுறான், முறை வரும்வரை காத்திருக்க மாட்டேங்கிறான்" என்கிற மாதிரி குறிப்பாகப் பதில் வந்தால் அந்தப் பள்ளியை விடாதீர்கள். "எல்லாம் நல்லாத்தான் பண்றான்" என்று மட்டும் வந்தால் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு தகவல்: 2022-இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்டமும் மூன்று வயது முதல் விளையாட்டு வழிக் கல்வியைத்தான் சொல்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் பாடத்திட்டத்துக்குப் பெயரே "ஆடிப்பாடி விளையாடு பாப்பா".

கடிதத்தில் அவன் பேச்சைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மூன்று சொல் சேர்த்துப் பேசாவிட்டாலோ, வெளியாட்களுக்கு அவன் பேச்சில் பாதிகூடப் புரியாவிட்டாலோ, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ, ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும், கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி, முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள்.