‘பலி’ என்று போட்டால் கொன்றது யார்? போர்ச் செய்திகள் பற்றி ஒரு கேள்வி பதில்

ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் 11 வருடம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள் நான். ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி என்ற செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் காப்பியை, அதாவது செய்தி வாசகத்தை, தமிழாக்கி, இடத்துக்கு ஏற்ப வெட்டி, தலைப்புப் போட்டு அனுப்புவதுதான் வேலை. போர்முனைக்கு ஒருநாளும் போனதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கிருந்து கிளம்பும் ஒரு வாக்கியம் வாசகர் கைக்கு வந்து சேர்வதற்குள் என்னென்ன ஆகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், பல சமயம் அதைச் செய்ததே நான்தான். கேள்விகள் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எந்தச் சேனல் நடுநிலை?

எதுவும் இல்லை. பணம் எங்கிருந்து வருகிறது, பணம் கொடுப்பவரைப் பற்றி அந்தச் சேனல் எவ்வளவு வாய் திறக்கிறது, இந்த இரண்டையும் பாருங்கள். ஆர்டி என்ற செய்திச் சேனல் ரஷ்ய அரசின் பணத்தில் ஓடுகிறது. அல் ஜசீரா 1996-இல் கத்தார் அரசின் பணத்தில் தொடங்கியது. பாலஸ்தீனம், எகிப்து என்றால் அதன் செய்தியாளர்கள் பிரித்து மேய்வார்கள், கத்தார் அரச குடும்பம் என்றால் குரல் இறங்கிவிடும். பிபிசிக்கு மக்கள் கட்டும் உரிமக் கட்டணம், அதன் உலக சேவைக்கு மட்டும் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையும் பணம் தருகிறது. தனியார் சேனல் என்றால் விளம்பரதாரர், அப்புறம் நீங்கள். ஆமாம், நீங்களேதான். பிடிக்காததைச் சொன்னால் சேனலை மாற்றிவிடுவீர்கள் என்ற பயம் அவர்களுக்கு எந்த அமைச்சர் மீதும் இருக்கும் பயத்தைவிடப் பெரியது.

அதற்காக எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று நான் சொல்லவில்லை. தப்பு செய்தால் திருத்தம் போடுகிற இடமும் போடாத இடமும் ஒன்றாகிவிடாது.

கேள்வி: பிரச்சாரம் என்கிறார்கள், அது நடைமுறையில் எப்படித்தான் நடக்கிறது? ஆபீஸ் போட்டு உட்கார்ந்து பொய் எழுதுவார்களா?

சில சமயம் நிஜமாகவே ஆபீஸ் போட்டுத்தான். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அக்டோபர் 10-ஆம் தேதி வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன்னால் 15 வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பெயர் நயீரா, அவ்வளவுதான். குடும்பத்துக்கு ஆபத்து என்று சொல்லி முழுப் பெயரைச் சொல்லவில்லை. குவைத் மருத்துவமனை ஒன்றில் ஈராக் சிப்பாய்கள் இன்குபேட்டரில் இருந்த குழந்தைகளை வெளியே எடுத்து, சில்லென்ற தரையில் சாகப் போட்டுவிட்டுப் போனார்கள் என்று அழுதுகொண்டே சொன்னாள். அதிபர் புஷ், அதாவது அப்பா புஷ், அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். செனட்டர்கள் சொன்னார்கள். மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டிகூட முதலில் அதை ஏற்றுக்கொண்டது, பிறகுதான் பின்வாங்கியது. 1991 ஜனவரியில் போருக்கு அனுமதி கேட்டு வந்த தீர்மானம் செனட்டில் 52-க்கு 47 என்ற கணக்கில்தான் தேறியது.

அடுத்த வருடம், 1992 ஜனவரியில், அந்தப் பெண் யார் என்று வெளியே வந்தது. அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். அவளுடைய சாட்சியத்துக்கு ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம், அதற்குப் படியளந்தது குவைத் அரசின் பணத்தில் நடந்த ஓர் அமைப்பு. போருக்குப் பிறகு அந்த மருத்துவமனைகளில் விசாரித்தவர்களுக்கு இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இதில் எனக்கு இன்றைக்கும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு, பிடித்தது என்று சொல்லக் கூடாதுதான்: அவள் பேசிய இடம் முறையான நாடாளுமன்றக் குழு இல்லை, அதனால் அங்கே பொய் சொன்னால் பொய்ச் சாட்சி என்று வழக்குப் போட முடியாது. அந்த அளவுக்கு யோசித்து வைத்திருந்த மேடை.

குவைத்தில் ஈராக் ராணுவம் கொலையும் சித்திரவதையும் செய்தது நிஜம். உண்மையான குற்றங்கள் கையில் இருக்கும்போதே எதற்கு இந்தக் கதை என்றால், அந்தக் குற்றங்கள் அமெரிக்க வீட்டு வரவேற்பறையை உலுக்கவில்லை, குழந்தை உலுக்கும். அவ்வளவுதான் கணக்கு.

கேள்வி: ‘நடுநிலையான’ நியூயார்க் டைம்ஸ் 2003 ஈராக் போர் விஷயத்தில் என்ன செய்தது, கொஞ்சம் விளக்குங்கள்.

கிண்டல் புரிகிறது. 2002 செப்டம்பர் 8, ஞாயிறு. அணு ஆயுதத்துக்காக ஈராக் அலுமினியக் குழாய்கள் வாங்கப் பார்க்கிறது என்று பெயர் சொல்லாத அதிகாரிகளை வைத்து அந்தப் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி. அதே நாள் காலையில் துணை அதிபர் டிக் செனி டிவியில் உட்கார்ந்து, நான் சொல்லவில்லை, பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்கிற தோரணையில் அந்தச் செய்தியையே எடுத்துக் காட்டினார். அரசு தரப்பு காதில் ஓதியது, பத்திரிகை போட்டது, பத்திரிகையில் வந்ததே என்று அரசே சாட்சிக்குக் கூப்பிட்டது. ஒரே ஆள் இரண்டு குரலில் பேசுவதுதான் இது. 2003 பிப்ரவரி 5-இல் ஐ.நா.வில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசியபோதும் அதே குழாய்கள் வந்தன. அந்த ஆயுதம் எதுவும் கடைசிவரை கிடைக்கவில்லை.

2004 மே 26-இல் பத்திரிகை தன் தவறை ஒப்புக்கொண்டு ஒரு குறிப்பு போட்டது. முதல் பக்கத்தில் இல்லை, 10-ஆம் பக்கத்தில்.

கேள்வி: மேடம், நீங்கள் தமிழில் எழுதினீர்களே, அதில் எங்கே சார்பு வரும்? மொழிபெயர்ப்புதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஏஜென்சி காப்பியில் ‘இன்ன நாட்டின் விமானத் தாக்குதல் 20 பேரைக் கொன்றது’ என்று இருக்கும். எழுவாய் இருக்கிறது, யார் செய்தார்கள் என்று தெரிகிறது. நாங்கள் போடும் தலைப்பு: ‘விமானத் தாக்குதலில் 20 பேர் பலி’. விமானம் யாருடையது? காணோம். இது சதி என்று நினைத்துவிடாதீர்கள், பாதிக்கு மேல் காரணம் இடம்தான். ‘பலி’ இரண்டே எழுத்து, ஒற்றைப் பத்தித் தலைப்பில் அழகாக உட்காரும். ‘கொன்றது’ என்று எழுதினால் யார் என்று போட வேண்டும், தலைப்பு மூன்றாவது வரிக்குப் போய்விடும்.

ஆனால் சார்பு எங்கே தெரியும் என்றால், அதே ராத்திரி நமக்குப் பிடிக்காத நாடு குண்டு போட்டிருந்தால் அந்த மூன்றாவது வரிக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். ‘இன்னாரின் வெறியாட்டம்: 20 அப்பாவிகள் படுகொலை’. எண்ணிக்கை அதே 20-தான். ஒரு பக்கம் இறந்தவர்கள் ‘பேர்’, இன்னொரு பக்கம் ‘அப்பாவிகள்’.

தலைவர்களின் வினைச்சொல்லையும் பாருங்கள். ஒருவர் ‘தெரிவித்தார்’, ‘எச்சரித்தார்’. எதிரி நாட்டுக்காரர் அதே வாக்கியத்தைச் சொன்னால் ‘கொக்கரித்தார்’, ‘மிரட்டினார்’. அப்புறம் ‘பதிலடி’. இந்த வார்த்தையைப் போட்ட உடனே முதல் அடி யார் அடித்தது என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது, கடிகாரத்தை எந்த நிமிடத்தில் இருந்து ஓட விடுகிறோம் என்பதுதான் விஷயமே. நான் டெஸ்க்கில் இருந்தபோது ‘பதிலடி’யை விடச் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் தாங்கியது.

கேள்வி: தீவிரவாதி, போராளி, எது சரி?

ராய்ட்டர்ஸ், பிபிசி இரண்டும் ‘பயங்கரவாதி’ என்பதைத் தங்கள் குரலில் சொல்வதைத் தவிர்க்கப் பார்க்கும், சொன்னவரின் வாயில் வைத்துத் தரும். 2023 அக்டோபரில் ஹமாஸ் விஷயத்தில் இதற்காக பிபிசி நிறைய அடி வாங்கியது. எனக்கு அந்த முறை சரி என்றே படுகிறது: கட்டையால் அடித்தான், பிணைக்கைதியாகப் பிடித்தான், பேருந்தில் குண்டு வைத்தான் என்று செய்ததைச் சொன்னால் போதும், பட்டத்தைப் படிப்பவர் கொடுத்துக்கொள்வார்.

இந்தப் பட்டங்களைவிட எனக்குப் பயம் தருவது சாதுவான பெயர்கள். ரஷ்யா உக்ரைனில் நடத்துவது ‘சிறப்பு ராணுவ நடவடிக்கை’. இலங்கை அரசு வன்னியில் நடத்தியதற்கு வைத்த பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கை, அந்த மனிதாபிமானத்தின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது.

கேள்வி: செய்தியாளரையே உள்ளே விடாத இடத்துச் செய்தியை எப்படி நம்புவது?

யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதே முதல் செய்தி. வன்னியில் இருந்து 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்களையும் தொண்டு நிறுவனங்களையும் இலங்கை அரசு வெளியேறச் சொன்னது. காஸாவுக்குள் 2023 அக்டோபருக்குப் பிறகு வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுயமாகப் போக இஸ்ரேல் விடவில்லை, ராணுவத்தோடு போய் ராணுவம் காட்டுவதைப் பார்த்து வரலாம். மிச்சத்தை உள்ளூர் பாலஸ்தீனச் செய்தியாளர்கள்தான் செய்தார்கள், அவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

உள்ளே ஆளில்லாதபோது டெஸ்க்கில் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2023 அக்டோபர் 17, காஸாவின் அல் அஹ்லி மருத்துவமனை. வெடிப்பு நடந்த கொஞ்ச நேரத்தில், இஸ்ரேல் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததாகக் காஸா தரப்பு சொன்னது பெரிய தலைப்பாகப் போனது. இஸ்ரேல் மறுத்து, பாலஸ்தீனக் குழு ஒன்று ஏவிய ராக்கெட் தவறி விழுந்தது என்றது, அமெரிக்காவும் அதையே சொன்னது. நியூயார்க் டைம்ஸ் தலைப்பை மாற்றிக்கொண்டே போய், ஆறு நாள் கழித்து ஹமாஸ் சொன்னதை அளவுக்கு மீறி நம்பிவிட்டோம் என்று எழுதியது. இதில் ‘என்கிறார்கள்’ என்ற ஒரு சொல் தலைப்பின் வாலில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. யாரும் தலைப்பின் வால் வரை படிப்பதில்லை.

கேள்வி: கண்ணால் காண்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். வீடியோவை எப்படி விசாரிப்பது?

விசாரிக்கச் சொன்ன பெரியவர்கள் முறையைச் சொல்லாமல் போய்விட்டார்கள். முதலில், அது விளையாட்டா என்று பாருங்கள். ஆர்மா 3 என்ற கம்ப்யூட்டர் கேமின் காட்சிகள் உக்ரைனிலும் காஸாவிலும் நிஜப் போராக ஓடின, கேம் தயாரித்த நிறுவனமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கம் போட வேண்டி வந்தது: பெரும்பாலும் இருட்டு, ஆடும் கேமரா, நடமாடும் மனிதர்கள் தெரிய மாட்டார்கள். அடுத்து, ஒரு ஃபிரேமை நிறுத்திப் படமாக எடுத்து படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸிலோ ரஷ்யத் தேடுபொறி யாண்டெக்ஸிலோ போட்டால் பாதி வீடியோக்கள் நாலு வருடப் பழசு என்று தெரிந்துவிடும். கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் நம்பர் பிளேட், நிழல் விழும் பக்கம், இதெல்லாம் அப்புறம்.

அரசுகளும் இதில் மாட்டியிருக்கின்றன. 2014 ஜூலையில் எம்ஹெச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். அந்த நவம்பரில் ரஷ்ய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள சேனல் ஒன் டிவி, போர் விமானம் ஒன்று அதைச் சுடுவதாக ‘செயற்கைக்கோள் படம்’ காட்டியது. கீழே தெரிந்த நிலம் பழைய வரைபடச் சேவைகளில் இருந்து ஒட்டியது என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் சில மணி நேரத்தில் பிரித்துப் போட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் உக்ரைன் சொல்வது எல்லாம் உண்மையா?

இல்லையே. கருங்கடலில் இருக்கும் பாம்புத் தீவில் வீரமரணம் அடைந்ததாக உக்ரைன் அறிவித்த காவலர்கள் உயிரோடு சிறைப்பட்டிருந்தார்கள். ரஷ்ய விமானங்களை ஒற்றை ஆளாக வீழ்த்திய ‘கீவின் பேய்’ ஒரு கட்டுக்கதை என்று 2022 ஏப்ரல் கடைசியில் உக்ரைன் விமானப்படையே சொல்லிவிட்டது. வித்தியாசம் ஒன்று உண்டு: ராணுவம் பற்றிப் ‘பொய்த் தகவல்’ பரப்பினால் 15 வருடம் வரை சிறை என்று ரஷ்யா 2022 மார்ச்சில் சட்டம் போட்டது, அங்கே பேய்க்கதையை மறுக்கக்கூட ஆள் இருக்க மாட்டான்.

கேள்வி: 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது ராத்திரி முழுக்க டிவி பார்த்தேன். கராச்சி துறைமுகம் தரைமட்டம் என்றார்கள். விடிந்தால் துறைமுகம் இருக்கிறது!

நானும் பார்த்தேன், சைரன் சத்தத்தை ஸ்டுடியோவிலேயே போட்டார்கள். பக்கத்துச் சேனல் சொல்லிவிட்டது, நாம் சொல்லாவிட்டால் தேசபக்தி குறைவு என்றாகிவிடும், விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் லேசில்லை. இந்தியப் போர் விமானங்களை வீழ்த்தியதற்கு ஆதாரம் என்ன என்று சிஎன்என் கேட்டபோது, சமூக வலைதளம் எல்லாம் அதுதானே என்கிற மாதிரி பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் பதில் சொன்னார். சிரித்துவிட்டு நகர்ந்தோம். மே 31-இல் சிங்கப்பூரில் இந்திய முப்படைத் தலைமைத் தளபதி, விமான இழப்பு இருந்தது உண்மை, பாகிஸ்தான் சொல்லும் ஆறு என்ற எண்ணிக்கை தவறு என்றார். ஆதாரமே இல்லாமல் பேசிய ஆள் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். இது என்னை ரொம்ப நாள் உறுத்தியது.

கேள்வி: சரி, நானே ஒருதலைப்பட்சமாகப் படிக்கிறேனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1985-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். 1982-இல் பெய்ரூட்டில் சப்ரா, ஷத்திலா என்ற பாலஸ்தீன அகதிகள் இருந்த பகுதிகளில் நடந்த படுகொலை பற்றிய அதே டிவி செய்தித் துண்டுகளை இஸ்ரேல் ஆதரவாளர்களுக்கும் அரபு ஆதரவாளர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் ஒரே புகார்: இது எங்களுக்கு எதிராகச் சாய்ந்த செய்தி. ஒரு செய்தி உங்களைக் கொதிக்க வைத்தால் நாட்டின் பெயர்களை மட்டும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள், அப்போதும் கொதிக்கிறதா என்று.

கேள்வி: நீங்கள் செய்த பெரிய தப்பு எது?

எந்தப் போர் என்று சொல்லவில்லை. ஒரு ராத்திரி 12.40-க்கு காப்பி வந்தது, எதிரிப் படையில் இத்தனை நூறு பேர் பலி என்று. பக்கம் மூட பத்து நிமிடம். முதல் பக்கத்தில் நாலு பத்தித் தலைப்பாகப் போட்டோம், மறுநாள் எல்லாரும் பேசினார்கள். மூன்று நாள் கழித்து மறுப்பு வந்தது, அதை உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் போட்டோம், நான்தான் போட்டேன். பிறகு பழைய காப்பியை எடுத்துப் பார்த்தேன். அந்த எண்ணிக்கை ஒரு தரப்பு ராணுவம் சொன்னது, தனியாக உறுதிப்படுத்த முடியவில்லை என்று ஏஜென்சிக்காரன் தெளிவாக எழுதியிருந்தான். ஆறாவது பாராவில். எங்களிடம் இடம் ஐந்து பாராவுக்கு.