திட்டினால் இன்னும் முரண்டு பிடிக்கும் மாணவன்: மூளை அறிவியல் உதவுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டப் பள்ளியொன்றில் ஐந்தாம் ஆண்டுக்குக் கற்பிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு மாணவன் திட்டியதும் மேசையைத் தள்ளுகிறான், வகுப்புக்கே வாய்ப்பாடு மறுநாள் மறந்துபோகிறது. இரண்டுக்கும் மூளை அறிவியல் உதவும்.

முதலில் கோபம். மிரட்டலை உணர்ந்ததும் மூளையில் அமிக்டலா என்ற பகுதி உடலை உஷார்படுத்துகிறது. அட்ரினலின், கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. யோசித்து அடக்கிக்கொள்ள உதவும் முன்மூளைப் புறணி அப்போது சரியாக வேலை செய்யாது. அது முதிர்ந்து முடிய 20 வயதுக்கு மேலாகும். பதினொரு வயதுப் பையனிடம் பெரியவர்களின் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. எல்லார் முன்னாலும் "ஏன்டா இப்படிச் செஞ்சே?" என்று கேட்காதீர்கள். குரலைத் தாழ்த்தி, தண்ணீர் குடித்து வரச் சொல்லுங்கள். அவன் அடங்கிய பிறகு தனியாகப் பேசுங்கள். காலையில் பசியாறினானா, இரவு எப்போது தூங்கினான் என்றும் கேளுங்கள். அம்மா அப்பா இருவரும் விடியுமுன் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் இது பெரிய விஷயம். தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும், படித்ததும் பதியாது.

அப்புறம் மறதி. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினார்கள். ஆகவே பாடம் தொடங்குமுன் புத்தகத்தை மூடவைத்து நேற்றைய வாய்ப்பாட்டில் மூன்று கேள்வி, சில நாள் கழித்து மறுபடி. புள்ளி போடவே வேண்டாம்.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பயிற்சிகளுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். அதனால் கற்றல் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.